உப்புக்கு ஒரு பாட்டு

திருச்சி காந்தி மார்க்கெட்டில் இன்றைக்கும் மலிவான சாமான் எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்லிவிடலாம், கல் உப்பு. வெங்காயம் விலை ஏறும், இறங்கும். தக்காளி ஒரு வாரம் சிரிக்க வைக்கும், மறுவாரம் அழ வைக்கும். உப்பு மட்டும் மூட்டையில் அப்படியே உட்கார்ந்திருக்கும், அதன் விலையைப் பற்றி யாரும் சண்டை போடுவதில்லை. ஆனால் ஒரு காலத்தில் இதே உப்பின் விலைக்காக இந்தியா முழுவதும் சண்டை நடந்தது. அந்தச் சண்டையின் தமிழ்நாட்டுப் பகுதி இதே திருச்சியில், மார்க்கெட்டிலிருந்து சில மைல் தள்ளிக் கண்டோன்மென்டில் இருந்த ஒரு டாக்டர் வீட்டு வாசலில் தொடங்கியது. தொடங்கிய தேதி 1930 ஏப்ரல் 13.

தேதி பலருக்கும் தெரியும். அந்தத் தேதிக்குப் பின்னால் ஒரு பாட்டு இருக்கிறது என்பதுதான் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. காரணம் நம் பள்ளிக்கூடப் புத்தகங்கள்! வேதாரண்யம் யாத்திரை வரலாற்றுப் புத்தகத்தில் வரும். "கத்தியின்றி ரத்தமின்றி" பாட்டு தமிழ்ப் புத்தகத்தில் வரும். இரண்டுக்கும் இரண்டு வாத்தியார், இரண்டு பரீட்சை. இரண்டும் ஒரே நாளில் ஒரே தெருவில் சேர்ந்து நடந்தவை என்று யாரும் முடிச்சுப் போட்டுச் சொல்வதில்லை.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 1930இல் உப்புக்கு வரி மணங்குக்கு 1 ரூபாய் 4 அணா. ஒரு மணங்கு என்பது சுமார் 37 கிலோ. 1 ரூபாய்க்கு 16 அணா, 1 அணாவுக்கு 12 பை (அது பழைய பை, இப்போதைய பைசா இல்லை). ஆக மொத்தம் 240 பை. கிலோவுக்குப் பிரித்தால் ஆறரைப் பைக்குக் கொஞ்சம் கீழே. அதாவது அரை அணாவுக்குச் சற்று மேல். இதுவா பெரிய வரி என்று அன்றைக்கே பல படித்தவர்கள் கேட்டார்கள். காந்தி உப்பைத் தேர்ந்தெடுத்தபோது காங்கிரஸ்காரர்களிலேயே சிலர் நம்பிக்கை இல்லாமல் இருந்தார்கள்.

ஆனால் வரியின் அளவை மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும், அது யார் மேல் விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். வணிகவியல் படிப்பவர்களுக்கு இது முதல் வருஷப் பாடம். ஜமீன்தார் வீட்டில் ஒரு ஆள் சாப்பிடும் உப்பும், வயலில் வெயிலில் நிற்பவர் சாப்பிடும் உப்பும் கிட்டத்தட்ட ஒன்றே. சொல்லப்போனால் வியர்வை சிந்துகிறவருக்குத்தான் உப்பு கூட வேண்டும். வருமானம் குறையக் குறைய வரியின் பாரம் கூடுகிற ஏற்பாடு இது. போதாக்குறைக்குக் கடற்கரையில் தானாகக் காய்ந்து கிடக்கும் உப்பைக் கையால் அள்ளினாலும் குற்றம். 1923இல் இந்த வரியை இரட்டிப்பாக்கி 2 ரூபாய் 8 அணா என்று வைத்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் அடுத்த வருஷமே பழையபடி குறைக்க வேண்டி வந்தது. அந்த ஒரு சம்பவம் போதும், எங்கே தொட்டால் வலிக்கும் என்று காந்திக்குத் தெரிந்திருக்கும்.

1930 மார்ச் 12 அன்று சபர்மதி ஆசிரமத்திலிருந்து 78 பேருடன் காந்தி கிளம்பினார். 24 நாளில் சுமார் 385 கிலோமீட்டர் நடந்து தண்டி கடற்கரையை அடைந்து ஏப்ரல் 6 அன்று உப்பெடுத்தார். இந்த 78 பேரில் ஒருவர் சங்கீத வித்வான்! பெயர் நாராயண் மோரேஷ்வர் கரே. விஷ்ணு திகம்பர் பலுஸ்கரின் சீடர், ஆசிரமத்தில் பஜனை நடத்தியவர். சட்டத்தை உடைக்கப் போகிற கூட்டத்தில் எதற்கு ஒரு பாடகர்? காந்திக்கு அந்தக் கேள்வியே எழுந்திருக்காது. காலையும் மாலையும் பிரார்த்தனை, வழியெல்லாம் ராமநாமம், நரசி மேத்தாவின் குஜராத்திப் பதம். அந்தக் கூட்டத்துக்குச் சுருதி அதுதான்.

சரி, திருச்சிக்கு வருவோம்.

தமிழ்நாட்டில் யாத்திரையை நடத்தும் பொறுப்பு ராஜாஜிக்கு. அப்போது அவருக்கு வயது 51, ஆஸ்துமாக்காரர். புறப்படும் இடம் டாக்டர் தி.சே.சௌ. ராஜனின் வீடு. இந்த ராஜன் ஸ்ரீரங்கத்துக்காரர். லண்டனுக்கு மேல்படிப்புக்குப் போனபோது அங்கே இந்தியா ஹவுஸில் சாவர்க்கர், வ.வே.சு. ஐயர் கூட்டத்தோடு பழகியவர். அந்த வ.வே.சு. ஐயரின் ஊர் வரகனேரி, காந்தி மார்க்கெட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். துப்பாக்கி பிடித்தால்தான் சுதந்திரம் என்று லண்டனில் பேசிக்கொண்டிருந்த வட்டத்தில் இருந்த ஒரு மனிதரின் வீட்டு வாசலிலிருந்து, இருபது வருஷம் கழித்து, கையில் கம்புகூட இல்லாத கூட்டம் கிளம்புகிறது. இந்த மாற்றத்தை நினைவில் வைத்துக்கொண்டால்தான் அந்தப் பாட்டு எவ்வளவு பெரிய விஷயத்தைச் சொன்னது என்பது புரியும்.

ஏப்ரல் 13 சும்மா பொறுக்கிய தேதி இல்லை. அன்று தமிழ் வருஷப் பிறப்பு, பிரமோதூத வருஷம் பிறந்தது. ஜாலியன்வாலா பாக்கில் டயர் சுட்டதும் 1919இல் இதே தேதி. வீட்டில் மாங்காய்ப் பச்சடி, நாட்டுக்கு நினைவு நாள். ராஜாஜி நாள் பார்ப்பதில் கெட்டிக்காரர்தான்!

நடக்கிறவர்கள் நூறு பேர் அளவில். போக வேண்டிய தூரம் சுமார் 240 கிலோமீட்டர், வேதாரண்யம் வரை. நூறு பேர் நடந்தால் பாட்டு வேண்டும். இங்கே ஒரு சிக்கல் இருந்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1928இல், பாரதியாரின் பாட்டுப் புத்தகங்களை அரசாங்கம் தடை செய்து பறிமுதல் செய்தது. சென்னை சட்டசபையில் சத்தியமூர்த்தி அதை எதிர்த்துப் பெரிய வாதமே நடத்த வேண்டியிருந்தது. பாட்டு என்றால் போலீசுக்கு அவ்வளவு பயம். மேடை நாடகங்களிலும் இதே கதைதான். முருகன் வேஷம் கட்டிக்கொண்டு, வெள்ளைக் கொக்கு என்று வெள்ளைக்காரனைப் பாடிய விஸ்வநாததாஸ் எத்தனை முறை கைதானார் என்பதற்குக் கணக்கே இல்லை. (அவர் கடைசியில் 1940 டிசம்பர் 31 இரவு, முருகன் வேஷத்திலேயே, மேடையிலேயே பாடிக்கொண்டிருக்கும்போது உயிர் விட்டார். அது தனியாக எழுத வேண்டிய கதை.)

பாரதியார் 1921இலேயே போய்விட்டார். அவர் பாட்டுகள் இருந்தன, மக்கள் பாடினார்கள். ஆனால் அவை எழுதப்பட்ட காலம் வேறு. சுதேசிக் காலத்துக் கோபம் அவற்றில் இருந்தது. அடி வாங்கு, திருப்பி அடிக்காதே என்கிற விசித்திரமான யுத்தத்துக்கு என்று தமிழில் ஒரு நடைப்பாட்டு அதுவரை இல்லை. அதை எழுதித் தந்தவர்தான் நாமக்கல் ராமலிங்கம் பிள்ளை.

இவர் வாழ்க்கையே கொஞ்சம் விநோதமானது. 1888 அக்டோபர் 19 அன்று மோகனூரில் பிறந்தார். அப்பா போலீஸ் ஏட்டு. படித்தது திருச்சியில். தொழில் ஓவியம். டில்லி தர்பார் சமயத்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரை வரைந்து பரிசு பெற்றவர். போலீஸ்காரர் மகன், மன்னரின் படம் வரைந்தவர், இவர்தான் மன்னரின் உப்பு வரியை எதிர்த்து நடப்பவர்களுக்குப் பாட்டு எழுதினார்!

பாட்டை இங்கே எடுத்து எழுத வேண்டியதில்லை, தமிழ் படித்த எல்லோருக்கும் தெரியும். அதன் முதல் இரண்டு சொல்லை மட்டும் கவனித்தால் போதும். கத்தி, ரத்தம். இரண்டிலும் நடுவில் வல்லெழுத்து அழுத்தமாக விழுகிறது. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் இடது கால், வலது கால் என்று தானாகவே தாளம் வரும். ராக ஆலாபனை வேண்டாம், நிரவல் வேண்டாம், சாரீரம் இல்லாதவரும் பாடலாம். சங்கீதம் தெரிந்தவர்களுக்கு அது பெரிய பாட்டு இல்லை என்று தோன்றக்கூடும். தோன்றட்டும். மூச்சிரைக்க நடக்கும் நூறு பேர் சேர்ந்து பாடுவதற்குக் காம்போதி ராகக் கீர்த்தனை உதவாது.

அதைவிட முக்கியமானது, அந்தப் பாட்டு செய்த ஒரு காரியம். உலகத்தில் நடைப்பாட்டு என்றாலே பிரான்சின் மார்செய்யேஸ்தான் நினைவுக்கு வரும். அதன் பிறப்பும் ஏப்ரல் மாதம்தான். 1792 ஏப்ரல் 25 இரவு, ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்தில், ரூழே த லீல் என்ற ராணுவ அதிகாரி ஒரே ராத்திரியில் எழுதியது. அதற்கு அந்தப் பெயர் வந்தது எழுதியவரால் இல்லை, நடந்தவர்களால். மார்செய் ஊர் தொண்டர்கள் சுமார் 500 பேர் அந்த ஜூலையில் பாரிஸ் வரை அதைப் பாடிக்கொண்டே நடந்து வந்தார்கள். ஆகஸ்ட் 10 அன்று அரண்மனை விழுந்தது. அந்தப் பாட்டில் எதிரியின் ரத்தம் வயல்களில் பாய வேண்டும் என்ற கருத்து வெளிப்படையாகவே இருக்கிறது. இன்றைக்கும் பிரெஞ்சு தேசிய கீதம் அதுதான்.

திருச்சியில் பிறந்த நடைப்பாட்டு முதல் வாயிலேயே கத்தியையும் ரத்தத்தையும் வேண்டாம் என்று தள்ளி வைக்கிறது. ஆனாலும் யுத்தம் என்ற சொல்லை அது விடவில்லை. இதுதான் நாமக்கல்லாரின் சாமர்த்தியம். அகிம்சை என்றால் பயந்தாங்கொள்ளித்தனம் என்று நினைத்த இளவட்டத்துக்கு, இதுவும் சண்டைதான், வா என்று சொல்ல வேண்டியிருந்தது. காந்தி பக்கம் பக்கமாக எழுதியதை அவர் நடக்கிற தாளத்தில் சொல்லிவிட்டார். (ரூழே த லீல் பின்னால் புரட்சிக்காரர்களாலேயே சிறையில் அடைக்கப்பட்டார் என்பது வேறு விஷயம். பாட்டு எழுதியவனுக்கு எங்கேயும் நிம்மதி இல்லை.)

யாத்திரை கல்லணைப் பக்கமாகக் கோவிலடி, திருவையாறு, தஞ்சாவூர், கும்பகோணம், வலங்கைமான், நீடாமங்கலம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று போயிற்று. வரைபடத்தில் பார்த்தால் இது சுற்று வழி. வேண்டுமென்றே சுற்றினார்கள். நேரே ரயிலில் போய் உப்பெடுத்தால் அது செய்தி, பதினைந்து நாள் ஊர் ஊராக நடந்தால்தான் அது இயக்கம். ஒரு நாளைக்கு 16 கிலோமீட்டர் வீதம். தண்டி யாத்திரையும் கணக்குப் போட்டால் இதே 16 கிலோமீட்டர்தான் வருகிறது.

வழியில் திருவையாறு வருகிறதே, அங்கே ஒரு நிமிஷம் நிற்கலாம். தியாகராஜர் சமாதி இருக்கும் ஊர். நூறு பேர் அந்த ஊர் வழியாக நடந்தபோது அங்கேயும் ஒரு சத்தியாக்கிரகம் நடந்துகொண்டிருந்தது என்று சொன்னால் மிகையில்லை. பெங்களூர் நாகரத்தினம்மாள் தன் சொத்தைப் போட்டுத் தியாகராஜருக்குக் கோயில் கட்டி 1925இல் கும்பாபிஷேகம் செய்தார். ஆனால் ஆராதனையில் பெண்கள் பாட அனுமதி இல்லை. கோயில் கட்டலாம், அதன் முன்னால் உட்கார்ந்து பாடக் கூடாது! அவர் 1927இல் பெண்களை வைத்தே தனியாக ஆராதனை நடத்த ஆரம்பித்தார். 1940 வாக்கில்தான் எல்லாக் கட்சியும் ஒன்றாயின. ஸ்ரீரங்கத்து டாக்டரும் சேலத்து வக்கீலும் உப்புக்காக நடந்தார்கள், ஒரு தாசி குலத்துப் பெண்மணி பாட்டுக்காகப் பத்து வருஷத்துக்கு மேல் நின்றார். இரண்டில் எது கடினமானது என்று சொல்ல முடியவில்லை.

திரும்ப யாத்திரைக்கு. தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் சாதாரண ஆள் இல்லை. ஊர்வலத்தைத் தடியால் அடித்தால் கூட்டம் கூடும் என்று அவருக்குத் தெரியும். அதனால் வேறு வழி பிடித்தார். யாத்திரைக்காரர்களுக்குச் சோறு போட்டாலோ, தங்க இடம் கொடுத்தாலோ இந்தியத் தண்டனைச் சட்டம் 157ஆவது பிரிவின்படி ஆறு மாதம் சிறை என்று தமிழில் நோட்டீஸ் அடித்து ஊர் ஊராகப் பரப்பினார். யாத்திரையைப் பசியால் கலைப்பது திட்டம்.

கும்பகோணத்தில் பந்துலு ஐயர் துணிந்து தன் வீட்டில் தங்க வைத்தார், ஆறு மாதம் உள்ளே போனார். எல்லோராலும் அப்படிச் செய்ய முடியுமா? அன்றாடம் காய்ச்சிகள் என்ன செய்வார்கள்? காவிரிக் கரையின் விவசாயிகள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சோற்றைப் பொட்டலமாகக் கட்டிச் சாலையோர மரக்கிளைகளில் தொங்க விட்டுவிட்டு, வயலில் வேலை பார்ப்பது போல நின்றுகொண்டார்கள். யார் கொடுத்தது என்று போலீஸ் கேட்டால் மரத்தைத்தான் கைது செய்ய வேண்டும்!

தஞ்சாவூர் ஜில்லாவில் அன்றைக்கு வீட்டுக்கு வீடு ரேடியோ இல்லை, பத்திரிகை படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. நூறு பேர் வருகிறார்கள் என்பதை ஊருக்கு முதலில் சொல்லும் தபால் பாட்டுதான். ஒரு கிலோமீட்டர் தூரத்திலேயே காதில் விழும். வயலில் இருப்பவர் நிமிர்ந்து பார்ப்பார். நோட்டீஸில் எழுதியிருப்பதைப் படிக்க முடியாதவருக்கும் பாட்டு புரியும். கலெக்டரின் தமிழ் நோட்டீசும் கவிஞரின் தமிழ்ப் பாட்டும் ஒரே சாலையில் போட்டி போட்டன என்றுகூடச் சொல்லலாம். எது ஜெயித்தது என்பதற்கு மரத்தில் தொங்கிய சோற்றுப் பொட்டலங்களே சாட்சி. அரசாங்கத்தின் மேல் மக்களுக்கு இருந்த பக்தி போய்விட்டது என்ற கருத்தில் தார்னே மேலிடத்துக்கு எழுத நேர்ந்தது.

ஏப்ரல் 28 அன்று வேதாரண்யம் வந்து சேர்ந்தார்கள். அங்கே ஏற்பாடெல்லாம் வேதரத்தினம் பிள்ளை. அவரே உப்புத் தொழிலில் இருந்தவர், நஷ்டம் யாருக்கு என்று தெரிந்தேதான் இறங்கினார். ஏப்ரல் 30 விடியற்காலை அகஸ்தியம்பள்ளி உப்பளத்தில் ராஜாஜி குனிந்து உப்பை அள்ளினார், கைதானார், ஆறு மாதம் சிறை. மற்றவர்கள் தினம் தினம் போய் அள்ளினார்கள். உப்பைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டவர்களின் விரல்களைப் போலீசார் அடித்துப் பிரித்தார்கள். ருக்மிணி லட்சுமிபதி அங்கேதான் கைதானார், உப்பு சத்தியாக்கிரகத்தில் சிறை சென்ற முதல் பெண் அவர். வைரப்பன் என்ற நாவிதர், பாதி சவரம் செய்த பிறகு எதிரில் உட்கார்ந்திருப்பவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார் என்று அந்த ஊரில் இன்றும் சொல்கிறார்கள். அவருக்கும் சிறைதான். கத்தி இல்லாத யுத்தத்தில் ஒரே ஒரு கத்தி வந்தது, அதுவும் சவரக் கத்தி, அதையும் ஒருவர் கீழே வைத்துவிட்டார்!

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும். பாட்டு இல்லாவிட்டாலும் யாத்திரை நடந்திருக்கும்தானே? நடந்திருக்கும். ராஜாஜி நடந்திருப்பார், உப்பும் எடுத்திருப்பார். பாட்டால் சுதந்திரம் வந்தது என்று சொல்வதெல்லாம் மேடைப் பேச்சு. ஆனால் நூறு பேர் கைதானதும் யாத்திரை முடிந்துவிடும். முடிந்த பிறகு அந்த ஊர்களில் என்ன மிஞ்சும்? பேச்சு மறந்துபோகும், நோட்டீஸ் மழையில் நனையும். மாடு மேய்க்கும் பையன் வாயில் ஒட்டிக்கொண்ட பாட்டை எந்தக் கலெக்டராலும் பறிமுதல் செய்ய முடியாது. 1930க்குப் பிறகு தமிழ்நாட்டில் நடந்த காங்கிரஸ் ஊர்வலங்களில் எல்லாம் அந்தப் பாட்டு போனது. எழுதியவரும் 1932இல் ஒரு வருஷம் சிறைக்குப் போனார்.

வேதாரண்யத்தில் பாட்டு யாத்திரையோடு கூடவே நடந்தது. வேறு சில தேதிகளில் பாட்டே முதலில் போய் ஆரம்பித்து வைத்ததும் உண்டு. 1974 ஏப்ரல் 25 அன்று நள்ளிரவு தாண்டி இருபது நிமிஷம். போர்ச்சுகலில் ஒரு வானொலியில் ஒரு நாட்டுப்புறப் பாணிப் பாட்டு ஒலித்தது. தூங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு அது வெறும் பாட்டு, ராணுவ முகாம்களில் காத்திருந்த இளம் அதிகாரிகளுக்கு அதுதான் புறப்படு என்ற உத்தரவு. அந்த நாள் முடிவதற்குள் நாற்பது வருஷத்துக்கு மேல் நடந்த சர்வாதிகாரம் கவிழ்ந்திருந்தது.

வானொலி என்றதும் திருச்சிக்கு ஒரு பெருமை உண்டு. இங்கே நிலையம் ஆரம்பித்தது 1939 மே 16. சென்னைக்கு அடுத்த வருஷமே வந்துவிட்டது. நாடு பிரிந்தபோது இந்தியாவின் பங்குக்கு வந்த வானொலி நிலையங்கள் மொத்தமே ஆறு: டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை, லக்னோ, திருச்சிராப்பள்ளி. பெரிய பெரிய மாகாணத் தலைநகரங்களுக்கு நடுவில் மலைக்கோட்டை ஊர்! டெல்டா முழுவதும் சங்கீத வித்வான்கள் நிறைந்திருந்ததற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லாமல் இருக்காது.

1947 ஆகஸ்ட் 14 இரவு சென்னை வானொலியில் டி.கே. பட்டம்மாள் பாடினார், பாரதியாரின் சுதந்திரப் பள்ளு. இருபது வருஷத்துக்கு முன்னால் பறிமுதல் செய்யப்பட்ட கவிஞரின் பாட்டு அரசாங்க வானொலியிலேயே! அதிலும் ஒரு வேடிக்கை. அதே பட்டம்மாள் அதே பாட்டை "நாம் இருவர்" படத்துக்காக ஏற்கனவே பாடியிருந்தார், படம் வெளிவந்தது 1947 ஜனவரியில். சுதந்திரம் வரும் முன்பே அடைந்துவிட்டோம் என்று பாரதி முப்பது வருஷத்துக்கு முன்னால் பாடினார், சினிமாக்காரர்கள் ஏழு மாதம் முன்னால் பாடினார்கள், அரசாங்கம்தான் கடைசியாக வந்து சேர்ந்தது. அந்த வருஷமே உப்பு வரியும் எடுக்கப்பட்டது. அன்று டில்லியில் நேருவின் வீட்டில் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரம் ஒலித்தது என்பதையும் இத்தோடு சேர்த்துக்கொள்ளலாம்.

அடுத்த தேதி சந்தோஷமான தேதி இல்லை. 1947 அக்டோபர் 2 தன் பிறந்தநாளுக்கு மீராவின் ஒரு பஜனையை எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிக் கேட்க வேண்டும் என்று காந்தி சொல்லியனுப்பினார். அந்தப் பஜனை தனக்குப் பழக்கமில்லை, வேறு யாராவது பாடலாமே என்று இங்கிருந்து பதில் போயிற்று. மற்றவர்கள் பாடுவதைவிடச் சுப்புலட்சுமி வெறுமனே வாசித்தாலே போதும் என்று காந்தியிடமிருந்து மறுபதில். அப்புறம் என்ன செய்ய முடியும்? சென்னை வானொலி நிலையத்தில் ராத்திரி முழுக்க இருந்து, தர்பாரி கானடா ராகத்தில் மெட்டமைத்துப் பதிவு செய்து, விமானத்தில் டில்லிக்கு அனுப்பினார்கள். காந்தி கேட்டார்.

நாலு மாதம் ஆகவில்லை. 1948 ஜனவரி 30 மாலை. ரேடியோவில் காந்தி சுடப்பட்ட செய்தி. செய்திக்குப் பின்னால் அதே பஜனை, அதே குரல். கேட்டுக்கொண்டிருந்த எம்.எஸ். மயங்கி விழுந்தார். அந்தப் பஜனையை அதற்குப் பிறகு கேட்டவர்கள் யாராலும் அதைப் பிறந்தநாள் பாட்டாக நினைக்க முடியவில்லை.

திருச்சிக்காரர் ஒருவரைச் சொல்லாமல் விட்டால் இந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். எம்.கே. தியாகராஜ பாகவதர். 1944 தீபாவளிக்கு "ஹரிதாஸ்" வந்தது. சில வாரத்தில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கு, பாகவதர் கைது. படம் சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. அதாவது கதாநாயகன் ஜெயிலுக்குள், அவர் குரல் மட்டும் தினம் மூன்று காட்சி வெளியே! 1947 ஏப்ரலில் விடுதலையாகி வந்தார், ஆனால் பழைய பாகவதர் திரும்பவில்லை. 1959 நவம்பர் 1 அன்று மறைந்தார், திருச்சி சங்கிலியாண்டபுரத்தில் அடக்கம். நாட்டுக்கு விடுதலை வந்த வருஷமே அவருக்கும் விடுதலை, ஒன்றுக்கு விழா, மற்றதற்கு ஒன்றுமில்லை.

ராஜாஜிக்கும் பாட்டுக்கும் உள்ள சம்பந்தம் வேதாரண்யத்தோடு முடியவில்லை. யாத்திரையில் இன்னொருவர் எழுதிய பாட்டுக்கு நடந்தவர், வயதான காலத்தில் தானே பாட்டு எழுத உட்கார்ந்தார். "குறையொன்றுமில்லை" அவர் எழுதியதுதான், கவர்னர் ஜெனரல் எழுதியது என்று தெரியாமலே பலர் கல்யாணக் கச்சேரியில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். 1966 அக்டோபர் 23 அன்று ஐக்கிய நாடுகள் சபையில் எம்.எஸ். பாடியபோது, அதற்கென்று ஆங்கிலத்தில் ஒரு பிரார்த்தனைப் பாட்டும் எழுதிக் கொடுத்தார். யுத்தம் வேண்டாம் என்பதுதான் அதிலும் விஷயம்.

நாமக்கல்லாரை 1949இல் சென்னை அரசு அரசவைக் கவிஞராக்கியது. அவர் எழுதிய "மலைக்கள்ளன்" நாவல் 1954இல் படமாகி எம்.ஜி.ஆருக்குப் பெரிய வெற்றி வாங்கிக் கொடுத்தது. 1971இல் பத்மபூஷண், அடுத்த வருஷம் ஆகஸ்ட் 24 அன்று காலமானார். சென்னைக் கோட்டையில் தலைமைச் செயலகத்தின் பத்து மாடிக் கட்டடத்துக்கு அவர் பெயர்தான், நாமக்கல் கவிஞர் மாளிகை. வரியைப் பற்றிய கோப்புகளும் அதன் மாடிப்படிகளில்தான் ஏறி இறங்குகின்றன.